வியாழக்கிழமை ஓடிய பிரபஞ்சம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் பிடிக்க அலைந்துகொண்டிருந்தேன். ஆதியில் சமமாகப் பரவிக் கிடந்த பொருள் ஈர்ப்பினால் எப்படி நட்சத்திரக் கூட்டங்களாகத் திரண்டது என்று கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கிற வேலை. ஒரு கற்பனைப் பெட்டிக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேலான புள்ளிகளை வைத்து, ஒன்றையொன்று இழுக்க விட்டால் மூன்று நாள் ஓடும். வெள்ளிக்கிழமை காலை தேர்வுக் குழுவுக்கு முடிவின் படத்தைக் காட்டினால் இடம் உண்டு. இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் ஊருக்குள்ளேயே கிர்க்கியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். அந்த வேலைக்கு வந்த கடிதத்தை அப்பா சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

புனேயில் வியாழன் என்றால் கரண்ட் போகும் நாள். அது தெரிந்தும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். டிஸ்க்கில் இடம் போதாதென்று, நடுவில் எதையும் சேமிக்காமல் கடைசி நிலையை மட்டும் எழுதும்படி நிரல் எழுதியிருந்தேன். ஜெனரேட்டர் இருக்கிற தைரியம், அன்று பார்த்து அது மக்கர் பண்ணியது. காலை பத்தரைக்கு லேப் பொறுப்பாளர் ஜோஷி வந்து, "பேட்டரி கதம், பாய்", தீர்ந்துபோச்சு என்று அவரே மெஷினை அணைத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். இன்னும் ஐந்து மணி நேர ஓட்டம் மீதி இருந்தது. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

நம்பினால் நம்புங்கள், மாலை ஐந்துக்குக் கரண்ட் வந்து, நானே பூட்டைத் திறந்து மெஷினைப் போட்டால் கடைசி நிலைக் கோப்பு அங்கே இருக்கிறது! எழுதிய நேரம் பிற்பகல் மூன்று பத்து. வரைந்து பார்த்தேன், இழையிழையாக, முடிச்சு முடிச்சாக, இடையிடையே பெரிய வெற்றிடங்களோடு அப்படி ஓர் அழகு. பயப்படவே தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் அப்பா சிரித்தார். "அரே, லைட்டே இல்லேங்குற, அப்புறம் எப்படிடா மெஷின் ஓடும்? கடியாரம் தப்பா காட்டியிருக்கும்."

"கடியாரம் தப்புன்னே வச்சுக்கலாம்பா. அஞ்சு மணி நேர வேலைய யாரு செஞ்சது?"

அப்பா தட்டை எடுத்து வைத்தபடி, "நல்லதுதானே நடந்திருக்கு, போய் சாப்பிடு" என்றார்.

இடம் கிடைத்தது. இதுவே என் வாழ்க்கையாகி, நிறைவாகவே இருக்கிறேன். பத்து வருடம் கழித்து, புது மெஷினில் அதே தொடக்க நிலையை மறுபடி ஓட்டினேன். அரை மணியில் முடிந்தது. ஒவ்வொரு முடிச்சும் பழைய படத்தில் இருந்த அதே இடத்தில். அப்போதுதான் இரண்டு கோப்புகளிலும் உள்ள புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன்.

பழையதில் ஒரு புள்ளி கூடுதல். நான் வைத்தது இல்லை. மற்றதெல்லாம் எதையாவது நோக்கி விழுந்துகொண்டிருக்க, வெற்றிடத்தின் நடுவில் அது மட்டும் வேகமே இல்லாமல் நிற்கிறது. அன்று வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் நான் காட்டி இடம் வாங்கிய படத்தில், அதுவும் இருந்திருக்கிறது.