நடுவிலிருந்த மூன்று வரிசை

லியோன்ஸ் பெண்ணைக் கட்டவில்லை, மூன்று வரிசைத் திராட்சைக்கொடியைக் கட்டிக்கொண்டான் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அவன் நிலவறையில் ஒயின் பீப்பாய் கழுவியே நரைத்தவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் கொள்ளுத்தாத்தா காலத்தில் அந்தச் சரிவு முழுக்க ஒரே தோட்டம். ஆனால் பிரான்சில் எங்கள் பர்கண்டிப் பக்கம் அப்பா போனால் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரித்து, சரிவு துண்டு துண்டானது. லியோன்ஸின் அத்தை ஒருத்தி தன் மூன்று வரிசையை விற்றுவிட்டுப் பாரிசுக்குப் போய்விட்டாள். வாங்கியவர் பக்கத்து வீட்டு ஒனேசிம். அவை லியோன்ஸின் தோட்டத்துக்கு நட்ட நடுவில் இருந்தன. உழும்போதெல்லாம் அங்கே ஏரைத் தூக்கித் தாண்ட வேண்டும். அவன் அப்பா திரும்ப விலைக்குக் கேட்டார். ஒனேசிம் உட்காரவைத்து, நல்ல ஒயினாக ஊற்றிக்கொடுத்து, முடியாது என்றார்.

அதனால்தான் லியோன்ஸ் ஒனேசிமின் மூத்த மகள் கிளோத்தில்டைப் பெண் கேட்டபோது ஊரே வாயைப் பொத்திச் சிரித்தது. அறுவடைக்கு வந்த பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏன் லியோன்ஸ், மூணுல எந்த வரிசைக்கு மோதிரம் போடப்போற?"

அவன் காது சிவக்கக் குனிந்து குலை வெட்டுவான்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் நோட்டரி முன் கூடியது. பெண் கொண்டுவரும் சொத்தை அவர் வாசித்தார்: ஒரு அலமாரி, படுக்கை விரிப்புகள், செம்புப் பாத்திரங்கள். அவ்வளவுதான்.

"அந்த மூணு வரிசைய விட்டுட்டீங்களே?" என்றார் லியோன்ஸின் அப்பா.

"விடல மாமா," என்றாள் கிளோத்தில்ட். "தங்கச்சி ஓர்தான்ஸ் பேருக்கு எழுதியாச்சு. அப்பாகிட்ட நான்தான் எழுதச் சொன்னேன்."

லியோன்ஸ் தொப்பியை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"ஓர்தான்ஸுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, இல்ல?"

முதலில் சிரித்தவள் கிளோத்தில்ட்தான். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அவன் அப்பா கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். பல வருடம் கழித்து லியோன்ஸ் என்னிடம் சொன்னான்: "எங்க அவ எழுந்து போயிடுவாளோன்னு உள்ளுக்குள்ள உதறல். அதான் ஏதோ உளறிட்டேன்."

வந்தவள் சும்மா இருக்கவில்லை. அதுவரை வியாபாரிக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போன ஒயினை நிறுத்தி, போத்தலில் அடைத்து வீட்டுப் பெயரை ஒட்டினாள். ஓர்தான்ஸ் டிஜோனில் ஒரு ரயில்வே குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தான், எங்க வீட்டுக்காரருக்குக் கவாத்துக் கத்திய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. நீங்களே பாத்துக்குங்க. விளையறதுல பாதி எனக்கு."

லியோன்ஸ் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒரு மழை வருடத்தில் பூஞ்சை பிடித்தது. மயில்துத்தக் கரைசலை முதலில் அந்த மூன்று வரிசைக்குத் தெளித்தான், மறுபடியும் தெளித்தான். தன் தோட்டத்தில் பாதி தாண்டுவதற்குள் மயில்துத்தம் தீர்ந்துபோனது. மிச்சமெல்லாம் கருகியது.

"அடுத்தவ கொடிய ரெண்டு தடவ குளிப்பாட்டியிருக்கியே, நம்மது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கிளோத்தில்ட் கத்தினாள்.

"அடுத்தவளா? உன் தங்கச்சிதானே! கெட்டுப்போனா நீதான் என்னைச் சும்மா விடமாட்டேன்னு பயந்தேன்."

அவள் கத்தியது அடுத்த அறுவடைவரை ஓயவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க கை குளிராமல் இருக்க அவன் கோட்டுப் பையில் அவள் சூடாகச் சுட்ட கஷ்கொட்டைகளைப் போட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் லியோன்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். தோட்டத்தை இப்போது மகள் பெரின் பார்க்கிறாள். கிளோத்தில்ட் கைத்தடியோடு நிலவறைக்கு இறங்கி, ஒவ்வொரு பீப்பாயிலும் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்து, எதுவுமே சரியில்லை என்கிறாள். போத்தலில் அடைக்கும் நாளில் முதல் போத்தலை மட்டும், அது லியோன்ஸுக்கு என்று, யாரையும் தொடவிடுவதில்லை.