டீலர் நாற்காலிக்கு ஒரு பரீட்சை

பங்குத் தரகு நிறுவனத்தில் லைசன்ஸ் இல்லாதவர்கள் எல்லா வேலையும் செய்யலாம், வாடிக்கையாளர் "வாங்கு" என்று சொன்னால் வாங்குவதைத் தவிர.

மலேசியாவில், கிள்ளானில் அப்படியொரு நிறுவனத்தின் கிளையில், வாடிக்கையாளருக்காகப் பங்கு வாங்கி விற்கும் டீலர்களுக்கு நான் உதவியாளர். போன் எடுப்பேன், படிவம் நிரப்புவேன், மற்றவர்கள் செய்த தப்புக்குத் திட்டும் வாங்குவேன். போன வருஷம் ஒரு டீலர் வேலையை விட்டுப் போனார். கிளை மேலாளர் மிஸஸ் வோங் என்னைக் கூப்பிட்டு, வருஷக் கடைசிக்குள் லைசன்ஸ் பரீட்சையில் பாஸானால் அந்த நாற்காலி எனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டவள் நான். இந்தத் தடவை விடுவதாக இல்லை. வேலையும் பார்த்து, வீட்டில் சமையலும் முடித்து, நடுவில் பரீட்சைக்கும் படிக்கிற சகபாவிகளே, நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இரண்டு விடை, இரண்டும் தப்பு

எங்கள் தொழிலில் பரீட்சைக்குப் புத்தகம் படிப்பவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி-பதில் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். யார் தயாரித்தார்கள், எப்போது தயாரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேள்வியைக்கூடப் படிக்காமல் ஏ, சி, பி, டி என்று விடை எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்பவர்களும் உண்டு. போன தடவை நான் மண்ணைக் கவ்வியதும் அந்தக் கோப்பை நம்பித்தான்.

என்னைப் போலவே பரீட்சைக்கு நிற்கும் பக்கத்து மேசைத் தினேஷ், "புதுசு வந்திருக்குக்கா" என்று இன்னொரு கோப்பை அனுப்பினான். பழையதையும் புதியதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வாங்கிய பங்குக்குப் பணத்தை எத்தனை நாளில் கட்டி முடிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. ஒரு கோப்பில் பி, இன்னொன்றில் டி. நாங்கள் கிளையில் தினமும் செய்வது இரண்டும் இல்லை! தினமும் என் கையால் நடக்கிற வேலை அது. அதைப் பற்றிய கேள்விக்கே எவனோ எழுதி வைத்த தப்பு விடையை வாய்பாடு மாதிரி ஒப்பித்திருக்கிறேன். பரீட்சை நடத்தும் அமைப்பின் இணையதளத்துக்குப் போய் அவர்களுடைய வழிகாட்டியைத் திறந்து பார்த்தேன். விதி மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டு, பாடத்திட்டம், வழிகாட்டி, சட்டம் என்று எல்லாவற்றையும் அதிகாரபூர்வ தளங்களிலிருந்தே இறக்கினேன். பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு தினேஷ் சொன்னான்: "அக்கா, இதெல்லாம் படிச்சா கண்டிப்பா பாஸாயிரலாம். ஆனா பரீட்சை முடிஞ்ச பிறகுதான் படிச்சு முடிப்பீங்க லா."

கோமுட்டரில் சட்டம்

எனக்கு வீடு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். காலையில் எல்லோரும் கோலாலம்பூருக்கு அடித்துப் பிடித்து வரும் நேரத்தில் நான் எதிர்த்திசையில் கிள்ளானுக்குப் போகிறேன். அதனால் கோமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். அந்த இருக்கைதான் என் படிப்பறை. சட்டத்தை அசல் வடிவத்திலேயே படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். படித்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஒரு பிரிவைப் புரிந்துகொள்ள வேறொரு பிரிவைப் பார் என்பார்கள். அங்கே போனால் பின்னால் இருக்கும் அட்டவணைக்கு அனுப்புவார்கள். அட்டவணை நம்மைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடும்.

அன்றைக்கு நான் படித்தது, நிறுவனத்தின் உள்விஷயம் தெரிந்தவர்கள் அதை வைத்துப் பங்கு வாங்கி விற்றால் என்ன தண்டனை என்ற பகுதி. சிறை, அபராதம் என்று வரும் இடத்திலெல்லாம் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஷா ஆலம் வரைக்கும் என் தாளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்கு முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மொதல்ல நல்ல லாயரா பாரும்மா. இதத் தனியா படிச்சா பயந்தான் வரும்."

யாரும் தொடாத இணைப்பு

வழிகாட்டி இருந்த பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "திருத்தங்கள்" என்று ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தட்டினால், வழிகாட்டி வெளிவந்த பிறகு மாறிய விதிகள் தனியாக வந்தன. வழிகாட்டியில் ஒன்று, திருத்தத்தில் இன்னொன்று. பரீட்சையில் எதைக் கேட்பார்கள்? தினேஷைக் கேட்டேன். வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது, எல்லாமே மிகுந்த நம்பிக்கையோடு.

அதிகாரபூர்வமாகப் படிப்பது என்று ஆன பிறகு அதிகாரபூர்வமாகவே கேட்டுவிடலாம் என்று அந்த அமைப்புக்கே மின்னஞ்சல் போட்டேன். குப்பையில்தான் போகும் என்று எல்லோரும் சிரித்தார்கள். இரண்டொரு நாளில் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டாள். திருத்தம்தான் செல்லும், அதைத்தான் படிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். நன்றி சொல்லி வைக்கப் போனபோது அவள் சொன்னது: "அக்கா, அந்தத் திருத்தத்தைப் பத்திக் கேட்டது எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் கார எங்க பார்க் பண்றதுன்னுதான் கேப்பாங்க."

பந்திங் சித்தப்பா

பந்திங்கில் உறவினர் வீட்டுக் கல்யாணம். வாழ்க்கையில் பாதியை அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கழித்த என் சித்தப்பா, சாப்பாடு முடிந்ததும் என்னைத் தனியே கூட்டிப்போனார். போனில் ஒரு முதலீட்டுக் குழுவைக் காட்டினார். மாதாமாதம் நிச்சய லாபமாம், நஷ்டமே வராதாம். சேமநிதிப் பணத்தை அதில் போடலாமா என்று கேட்டார். லைசன்ஸ் இல்லாமல் நான் முதலீட்டு ஆலோசனை சொல்லக்கூடாது என்பதை அந்த வாரம்தான் படித்திருந்தேன். ஆனால் பங்குச் சந்தை ஆணையத்தின் தளத்தில், அனுமதியில்லாமல் பணம் திரட்டுபவர்களின் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. அதை யாரும் யாருக்கும் காட்டலாம்.

அங்கேயே, பீடாத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி, தேடிக் காட்டினேன். குழுவின் பெயர் எழுத்து மாறாமல் இருந்தது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை, கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார். பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது என்பதில் எனக்கு உயிரே திரும்பி வந்தது. நாலு பேரிடம் சொல்லுங்கள் சித்தப்பா, வேறு யாராவது ஏமாறப் போகிறார்கள் என்றேன். அவர் தாராளமாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "கவர்மெண்டு லிஸ்டுல இருக்குன்னு சொல்றேன். நீ சொன்னேன்னு சொன்னா எவன் நம்புவான்? நீயே இன்னும் பாஸாகல!"

அன்றிரவு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் ஓடியது. வலித்தது. மறுநாளே பரீட்சைக்குப் பணம் கட்டித் தேதி வாங்கிவிட்டேன். அந்த வகையில் சித்தப்பாவுக்கு நான் கடன்பட்டவள்தான். ஆனால் சொன்ன வார்த்தையை அவர் வாபஸ் வாங்கவே இல்லை. போன வாரம்கூட, "நான் அப்படிச் சொல்லலேன்னா நீ படிச்சிருப்பியா?" என்றார்.

செல்வம் அண்ணனின் அனுபவம்

பரீட்சை நாளன்று மண்டபத்துக்கு வெளியே, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தில் என்னைப் போலவே உதவியாளராக இருக்கும் செல்வம் அண்ணனைச் சந்தித்தேன். தொழிலில் எனக்கு ரொம்ப சீனியர். அனுபவமே போதும் என்று கையை வீசிக்கொண்டு வந்திருந்தார். நானோ கடைசி நிமிஷம் வரை வழிகாட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நேரம் போக, வழிகாட்டியில் இருந்த மாதிரிக் கேள்வி ஒன்றை அவரிடம் கேட்டேன்: கணவர் பெயரில் இருக்கும் பங்கை விற்கச் சொல்லி மனைவி போன் செய்தால் என்ன செய்ய வேண்டும்?

"வித்துட வேண்டியதுதான்" என்றார், யோசிக்காமல். கணவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தால்தான் விற்கலாம், இல்லையென்றால் கூடாது என்று விடையைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷமாகத் தான் பார்த்த எந்த டீலரும் அப்படி ஒரு காகிதம் கேட்டதில்லை என்றார். அதுதான் எங்களுக்கு வரும் வினை. வெளியாள் தெரியாமல் தப்பு எழுதுவான், நாங்கள் பழக்கத்தால் எழுதுவோம். நானும் வழிகாட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால் அதையேதான் எழுதியிருப்பேன். பையை உள்ளே வைக்கச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அவருக்கு ஆறவில்லை: "பொண்டாட்டி போன் பண்ணி வித்துருன்னா விக்காம இருக்க முடியுமா? இதை எழுதினவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல போல!"

நாற்காலி

முடிவு வந்தபோது அலுவலகத்தில்தான் இருந்தேன். "தேர்ச்சி" என்ற சொல்லை நம்பாமல் பக்கத்தை மூடித் திறந்து பார்த்தேன். பிறகு தேநீர் போடும் பேன்ட்ரிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷம்தான். அதோடு, ரயிலில் தூக்கத்தோடு போராடிய காலைகளும் நினைவுக்கு வந்துவிட்டன. நிறுவனம் என் பெயரில் விண்ணப்பம் அனுப்பியது. லைசன்ஸ் வந்தது. காலியாக இருந்த நாற்காலியைத் துடைத்து, உயரத்தைச் சரிசெய்து உட்கார்ந்தேன்.

திரையில் விலைகள் ஓடத் தொடங்கிய நேரம், மிஸஸ் வோங் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் அப்போதுதான் அச்செடுத்த, இன்னும் சூடு ஆறாத ஒரு தடித்த காகிதக் கட்டு. வாழ்த்துக் கடிதமாக இருக்கும், கூட ஏதோ சலுகைக் காகிதமும் இருக்கும் என்று கை நீட்டினேன். அதை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் மலேசிய ஆங்கிலத்தில் சொன்னார்: "வாணி, வெரி குட் லா. நெக்ஸ்ட் வீக் நியூ ரூல் கம் அவுட். ஒன்லி யூ லைக் டு ரீட் திஸ் கைன்ட் திங். யூ ரீட் ஃபர்ஸ்ட், தென் யூ டீச் எவ்ரிபடி."

லைசன்ஸ் வாங்கிவிட்டால் படிப்பு முடிந்துவிடும் என்று ஆணையத்தின் எந்த ஆவணத்திலும் போட்டிருக்கவில்லை, நானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டேன்.