கழித்துப் போட்ட துணி

டச்சுக்காரர் கோட்டைக்குத் துணி பார்த்து வாங்குவது என் வேலை. சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் கழித்துவிடுவேன். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிற கிறிஸ்தவன் நான். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

புயலடித்த மறுவாரம், ஏரிக்கு அக்கரையில் பசியாவரம் என்ற தீவிலிருந்த மீனவர்களுக்குத் தர்மம் செய்வதற்காகக் கழித்த துணியில் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போனேன். படகைவிட்டு இறங்கும்போது சப்பாத்துக் கால் சேற்றில் புதைந்தது. விழாமலிருக்க, அவர்கள் இழுத்துக்கொண்டிருந்த வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கரையேறியதும் இயேசுவின் பெயரைச் சொல்லி மூட்டையை அவிழ்த்தேன்.

மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண், ஒரு துணியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். சாயத் திட்டை விரலால் தடவிவிட்டு மடித்து வைத்தாள். பிறகு கொழுத்த மடவை மீன் நான்கை என் முன்னால் வைத்தாள்.

"துணிக்குப் பதிலா? வேண்டாம்மா, இது தர்மம்" என்றேன், பெரிய மனிதனைப் போல.

"துணிக்கு இன்னாத்துக்குய்யா மீனு? நீ கயித்தப் புடிச்ச இல்ல, அதுக்குப் பங்கு."

"நான் இழுக்கவே இல்லையே!"

"தெரியும். வுழாம இருக்கத்தான் புடிச்ச. கயித்துல கை வச்சா பங்கு உண்டு. கெட்டுப்போனதக் குடுக்க மாட்டோம்."

டச்சுக்காரன் வாங்கமாட்டான் என்று நானே கழித்ததைத்தான் ஆண்டவர் பெயரில் கொண்டுபோயிருந்தேன். அவர் பெயரை அன்றுதான் கேட்ட அஞ்சலை, இருந்ததில் நல்லதைக் கொடுத்தாள்.

அந்த மீனை வெட்கமில்லாமல் பொரித்துத் தின்றேன். அடுத்த ஞாயிறும் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன்.