கறை என்று நான் சொன்ன கல்

"பெப்ரவரி 9, ஞாயிறு, காலை 10.40. மாத்தளை, நாலந்தாவுக்கு அப்பால், ஓடை. குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை."

என் குறிப்பேட்டில் நானே எழுதிய இந்த வரி பொய்.

நான்கு வருடமாக, மழையில்லாத ஞாயிறுகளில், குடும்பத்தோடு கல்லில் பதிந்த உயிர்ச்சுவடு தேடிப் போகிறேன். மாத்தளைப் பாறைகள் பூமியின் சூட்டில் வெந்து உருமாறியவை. பழைய உயிர்களின் தடம் அவற்றில் தங்குவது அரிது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் சுண்ணாம்பு கரைந்து வரும் ஓடைகளில் இலை விழுந்து, அதன்மேல் சுண்ணாம்பு படிந்து கல்லானால் அச்சு நிற்கும். அப்படி ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வழக்கம் எளியது: கல்லை உடைப்பதில்லை, கொண்டுபோவதில்லை. அளவு தெரிய ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம்.

அன்று முதல் தடவையாக என் சகலையும் வந்திருந்தார். மனைவியின் தங்கை கணவர். ரப்பர் செருப்பும் கோழிப் பொரியல் டப்பாவுமாக வந்தவர், கால் கழுவக் குனிந்த இடத்தில் உள்ளங்கையளவு கல்லொன்றை எடுத்தார்.

"அண்ணே, இது எல மாதிரி இருக்குங்களே. பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். நடுநரம்பு, இருபுறமும் கிளை நரம்புகள். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்பட்டது.

"நாலு வருஷமா இவரு தேடுறாரு. நீங்க கால் கழுவப் போயி எடுத்துட்டீங்க" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

"இது மெங்கனீசுக் கறை, கல்லுல செடி மாதிரியே படியும். புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுறது இதுலதான்" என்று கல்லை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கறையில் பள்ளம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

"அப்ப காசு வைக்க வேணாமாண்ணே?"

"கறைக்கெல்லாம் காசு வைக்கிறதில்ல."

அவர் ஏமாற்றமே காட்டவில்லை. கல்லைப் பதமாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கோழி சாப்பிடப் போனார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு லேசாகக் கிடைத்து, அவ்வளவு லேசாக விட்டுவிட முடிகிறதே.

அந்த வெள்ளிக்கிழமை பலத்த மழை. மறுநாள் அந்தக் கல்லைத் தேடித் தனியாகப் போனேன். ஓடை மண்ணிறமாக ஓடியது; அவர் குனிந்த கரையே சரிந்திருந்தது. பிறகு இரண்டு தடவை போயும் கல் கிடைக்கவில்லை. கடைசியில் சகலைக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"நீங்க எடுத்திருந்தா காசு வச்சிருப்பீங்க, இல்லீங்களாண்ணே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, கண்டெடுத்தவர் சகலை என்று எழுதியிருக்கிறேன். படம் இல்லை, அளவு இல்லை. அது சென்ற நூற்றாண்டின் இலையா, பல்லாயிரம் ஆண்டு பழையதா, உண்மையில் இலைதானா என்பது எதுவும் உறுதி செய்யப்படவில்லை.