நூராவின் மூன்று சென்டிமீட்டர்: தென்காசி வழியாக ஐந்தருவிக்கு

மக்களே, பெரிய செய்தி: என் அக்கா மகள் நூரா மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள், அந்தச் சந்தோஷத்தில் ஐந்தருவிச் சாரலிலும் நனைந்துவிட்டு வந்தாச்சு.

போன சனிக்கிழமை கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குக் கிளம்பியதே குழந்தை டாக்டரைப் பார்க்கத்தான். இரண்டு வயது நூராவுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்த முறையும் வளராவிட்டால் திருநெல்வேலியில் பெரிய பரிசோதனை என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மலையில் மேகம் இறங்கியிருந்தது; அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட வந்த அவள் மாமியார், "உங்க வீட்ல எல்லாரும் குட்டைதான, பிள்ள எப்படி வளரும்?" என்று ஆரம்பித்தார்.

போன முறை டாக்டர் நூராவைவிட அக்காவைத்தான் அதிகம் விசாரித்தார். கர்ப்பத்தில் அவளுக்கு ரத்தம் குறைவு. குழந்தை எடை குறைவாகப் பிறந்தது. அப்போதும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம்தான் அவளுக்கு. துபாயில் இருக்கும் மச்சானோ சரியாக ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவார். தான் அனுப்பிய சாக்லேட்டை மகள் தின்பதைப் பார்க்க வேண்டும். அதற்குமேல் எந்தப் பிள்ளை சோறு தின்னும்? டாக்டர் சொன்னபிறகு மாற்றினார்கள். இப்போது மச்சான் பார்ப்பது முட்டையும் சோறும் இறங்குவதை. அக்காவும் கூடவே உட்காருகிறாள்.

உயரம் அளக்க நிற்கவே மாட்டேன் என்று நூரா அழுதாள். நர்ஸ் இரண்டு முறை அளந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா வளந்திருக்கா. இப்படியே குடுங்க" என்றார்.

"அப்போ திருநெல்வேலிக்கு?" என்றாள் அக்கா.

"வேண்டாம்மா. வேணும்னா குத்தாலத்துக்குப் போங்க."

வெளியே வந்ததும் அக்கா அழுதுவிட்டாள். மாமியார் அவள் கையைப் பிடித்தார். "ஏட்டி, எதுக்கு அழுத? காலைல ஒண்ணும் தின்னாமத்தான வந்த. வா" என்று ஓட்டலுக்குள் இழுத்துப் போய், முதல் தோசையை அக்கா பக்கம் தள்ளினார்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய். "தண்ணி விழுதா அண்ணாச்சி?" என்றேன். "விழுது. கைப்பிள்ளைய அருவிக்குள்ள கொண்டு போவாதீங்க, சாரலே போதும்" என்றார் டிரைவர். உண்மைதான். மாற்றுத்துணி, துண்டு, குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு கட்டாயம். அங்கே பஜ்ஜிக் கடைகள் இழுக்கும்.

பிள்ளை வளரவில்லையென்று தோன்றினால் குடும்ப உடல்வாகு என்று விட்டுவிடாமல் சீக்கிரம் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு இதை அனுப்புங்கள். உங்கள் வீட்டில் அம்மா எத்தனாவது ஆளாகச் சாப்பிடுகிறார்? கமெண்டில் சொல்லுங்கள்.