மூன்றாவது ஓலை

எங்கள் கோயிலின் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி சபையார் என்னைக் கேட்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரம்மாவுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தேன். தூத்துக்குடிக் கடலோரத்தில் டச்சுக்காரர்கள் கட்டியது, பிறகு இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தது, தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள், கப்பலில் வந்து இறங்கிய மணி, எல்லாம் அதில் உண்டு. பழைய ஓலைப் புத்தகத்தில் பார்த்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பெயரைக் கோயிலில் அறிவிப்பதை நாங்கள் ஓலை வாசிப்பது என்போம். வாசித்து முடித்ததும், இதற்குத் தடை ஏதும் உண்டானால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். எங்கள் குருவானவரைத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு மூச்சு விடும் நேரம் நிற்பார், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பக்கத்தில் என் அத்தையின் பெயர் இருந்தது. மூன்றாவது ஓலைக்கு நேரே ‘தடை சொல்லப்பட்டது’ என்று ஐயரின் சாய்வான எழுத்து. சொன்னவள் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

வெள்ளைக்காரர்கள் அப்போது ஊரைவிட்டுப் போயிருக்கவில்லை. காலையில் துறைமுகத்துத் துரைமார்களின் ஆராதனை முடிந்து, கார்கள் புறப்பட்ட பிறகு எங்கள் தமிழ் ஆராதனை. அவர்கள் பூட்ஸ் காலோடு நடந்த தரையில் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்து உட்காருவோம். முன்வரிசைப் பிரம்பு பெஞ்சுகள் காலியாகவே கிடக்கும். அவற்றில் உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்கார்ந்தவரும் இல்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்தான், பாவம். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் ஓலை வாசித்த அன்று அத்தை அடுப்படியில் அம்மாவிடம், “எனக்கு இஷ்டமில்ல மதினி” என்றாள். “மெல்லப் பேசு, ஒங்க அண்ணன் காதுல விழுந்துரப் போவுது” என்றாள் அம்மா. அண்ணன் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

ஓலை வாசிக்கப்படும் பெண் கூச்சப்பட்டுக் கோயிலுக்கு வராமல் இருப்பதுதான் வழக்கம். அத்தை வந்தாள். இரண்டாவது ஓலைக்குப் பிறகு, எனக்குத் தலை பின்னும்போது, தடை என்றால் என்ன என்று கேட்டேன்.

“கலியாணம் வேண்டாம்னு யாருக்காவது தெரிஞ்சா எந்திரிச்சுச் சொல்லணும்.”

“சொன்னா?”

“ஐயரு நிப்பாட்டித்தான் ஆவணும். ஆனா இந்தக் கோயில் கெட்டுன நாள்ல இருந்து ஒருத்தரும் எந்திரிச்சதில்ல, ஏளா.”

அந்த வாரம் முழுக்க ஓய்வுநாள் பள்ளிக்கான வசனத்தை அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். கடைசிப் பாயில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமாம். எனக்கு இயல்பிலேயே பெரிய தொண்டை. கோயிலில் நெளியாமல் இருக்கும்படி அத்தை எப்போதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

மூன்றாவது ஞாயிறு. ஐயர் கேட்டார். நான் எழுந்து, வசனம் சொல்வது போலவே கையைக் கட்டிக்கொண்டு, “எங்க அத்தைக்கு இஷ்டமில்ல” என்றேன்.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் அப்பா எழுந்துவிட்டார். சின்னப் பிள்ளை உளறுகிறது என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். ஐயரே இறங்கி வந்து, “பிள்ள சொல்லுதது நெசந்தானா?” என்று கேட்டார். அத்தை தலையைத் தூக்கவில்லை.

“பிள்ள பொய் சொல்லாது, ஐயா.”

கலியாணம் நின்றது. அப்பா ஒரு வருஷம் தங்கையோடு பேசவில்லை. அத்தை கடைசிவரை பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள், தலைமை ஆசிரியையாகத்தான் ஓய்வுபெற்றாள். எனக்கு அன்று மத்தியானமே புளியங்கம்பால் கெண்டைக்காலில் நாலு அடி. அழுதேனே தவிர, உள்ளுக்குள் ஒரே பெருமை. கோயில் கட்டின நாளிலிருந்து யாரும் செய்யாததை யோசித்துச் செய்தவள் நான் அல்லவா.

அடிபட்ட தடிப்பில் தேங்காயெண்ணெய் தடவிய அத்தை என்னைவிட அதிகமாக அழுதாள். “என்னை மன்னிச்சிரு, ஏளா” என்றாள். எழுந்தது நான், சொன்னது நான், இவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று ஐயர் ஓலைப் புத்தகத்தைத் திறந்தபோது, எப்போதும் பிடித்திருக்கும் என் கையை அத்தை விட்டிருந்தாள். அதுவும் எனக்கு அப்போது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.