அமுதாவுக்கு வழிகாட்டி பிடித்த கதை

கல்யாணத் தரகர் வேலை எவ்வளவோ தேவலாம். அதுல ரெண்டு வீட்டுக்காரங்களுக்கும் நெஜமாவே கல்யாணம் நடக்கணும்னு ஆசை இருக்கும். நான் பார்த்தது வழிகாட்டி பிடிச்சுக் குடுக்கிற வேலை. கைக்குக் கை செல்போன் வந்துக்கிட்டிருந்த காலம். புதுச்சேரியில ஒரு தொண்டு நிறுவனத்துல ஒருங்கிணைப்பாளரா இருந்தேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஊர்ப் பெரிய மனுஷங்க ஒருத்தரை வழிகாட்டியாச் சேர்த்து விடணும், அவ்வளவுதான். பெரிய மனுஷங்க பின்னாடி அலைஞ்சு நொந்து நூலானவங்க உங்கள்லயும் நிறைய பேர் இருப்பீங்க. எல்லாக் கதையும் வேணாம், அமுதா கதை ஒண்ணே போதும்.

அமுதா குருசுக்குப்பத்துப் பொண்ணு. அப்பா கடலுக்குப் போறவரு, அம்மா மார்க்கெட்டுல மீன் விக்கிறவங்க. பி.காம். முடிச்சு, ஆடிட்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வும் பாஸ் பண்ணிட்டா. ஆனா அந்தப் படிப்புக்குப் புஸ்தகம் மட்டும் பத்தாது. ஒரு ஆடிட்டர்கிட்ட மூணு வருஷம் பயிற்சிக்கு இருந்தாத்தான் மேற்கொண்டு பரீட்சை எழுத முடியும். அவளைச் சேர்த்துக்க ஒரு ஆடிட்டர் வேணும். அவங்க அம்மா எனக்குக் கெடு வச்சாங்க: "பொங்கலுக்குள்ள யாராவது சேத்துக்கிட்டா சரி. இல்லன்னா தை மாசம் என் தம்பிக்குக் கட்டிக் குடுத்துடுவேன்."

ஹோட்டல்காரர் வந்தார்

முதல்ல மாட்டினது ஒரு ஹோட்டல் முதலாளி. அவருக்கு ஆடிட்டருங்க எல்லாரையும் தெரியும், ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு நம்பினேன். சொன்ன நேரத்துக்கு வந்தாரு, கூடவே போட்டோகிராபரும் வந்தாரு. அமுதா கையில ஒரு பேனாவைக் குடுத்துச் சிரிச்சாரு. பேனாவைத் திரும்ப வாங்கி, வெளிச்சம் பத்தலன்னு மறுபடியும் குடுத்துச் சிரிச்சாரு. வண்டியில ஏறப் போனவரை மறிச்சு, "சார், அந்த ஆடிட்டர் விஷயம்?"னு கேட்டேன். எனக்குப் பத்திக்கிட்டு வர்ற மாதிரி ஒரு பதில் வந்துச்சு: "படம் பேப்பர்ல வரலன்னா சொல்லும்மா, இன்னொரு தடவை வந்து நிக்கிறேன்."

முசே பார்த்த மாப்பிள்ளை

அடுத்தவரு பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. எங்க ஊர்ல இவங்களை 'சொல்தா'ன்னு சொல்லுவோம். பிரெஞ்சுல ஐயான்னு சொல்ற மாதிரி எல்லாரும் அவரை முசேன்னுதான் கூப்பிடுவாங்க. நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். வாரா வாரம் வந்து அமுதாவை உக்கார வச்சு, தான் பார்த்த தேசத்தையெல்லாம் சொல்லுவாரு. அவளும் தலையாட்டிக்கிட்டே இருப்பா.

மார்கழி பொறந்துடுச்சு. "முசே, ஆடிட்டர் ஆபீசு ஏதாவது பார்த்தீங்களா?"ன்னு வாயைத் திறந்தே கேட்டுட்டேன். அவரு பார்த்தது ஆபீசு இல்ல. அதை என்கிட்ட சொல்லாம நேரா அமுதா அம்மாகிட்டயே போய்ச் சொல்லிட்டாரு. அந்தம்மாவும் கண்ணு விரிய வந்து நிக்கிறாங்க. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற நாஷனாலிட்டி மாப்பிள்ளைன்னா எங்க ஊர்ல சும்மாவா? கட்டிக்கிட்டா பொண்ணும் பிரான்சுக்கே போயிடலாமே. மனுஷன் எங்கிட்ட சந்தோஷமாச் சொன்னது இது: "ஆடிட்டராகி இங்கயே கிடந்து என்னம்மா பண்ணப் போவுது? நாஷனாலிட்டிப் பையன் ஒருத்தன் இருக்கான், முடிச்சுடலாம்."



பெண்கள் முன்னேற்றம்

ஆனது ஆச்சுன்னு நானே நேரா ஆடிட்டருங்க வாசலுக்குப் போனேன். ஒருத்தரு எங்க மேடையிலயே பெண்கள் முன்னேறணும்னு கைதட்டல் வாங்கினவரு. அமுதா மார்க்கைப் பார்த்தாரு, புருவத்தைத் தூக்கினாரு, பேப்பரை மடிச்சு எங்கிட்டயே நீட்டினாரு. "பையன் யாராவது இருந்தா அனுப்பும்மா, பொண்ணுங்க பாதியில கல்யாணப் பத்திரிகையோட வந்து நிக்கும்." அமுதா பக்கத்துலயேதான் நின்னா. அவளைப் பார்க்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு.

திட்டுற மேடம்

ஆடிட்டர் நூர்ஜஹான் மேடத்துக்கு நாப்பது வயசு இருக்கும். வாயைத் திறந்தா திட்டுதான்னு ஊரே சொல்லும். அதனாலதான் கடைசியா வச்சிருந்தேன். எங்க வழிகாட்டித் திட்டத்தை நான் விளக்கிக்கிட்டிருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திட்டு, அமுதாகிட்ட கணக்குல நாலு கேள்வி கேட்டாங்க. ரெண்டு தப்பு. அதுக்கும் திட்டு. திட்டிட்டு, நாளைக்குக் காலையில வந்துடுன்னாங்க.

நாஷனாலிட்டி சம்பந்தம் கைவிட்டுப் போகுதேன்னு அமுதா அம்மா தகராறு பண்ண வந்தப்பவும் மேடம்தான் பேசினாங்க. "மூணு வருஷம் என்கிட்ட இருக்கட்டும். அப்புறம் நாஷனாலிட்டியோ தம்பியோ, அவளைக் கேட்டுக்கிட்டுக் கட்டி வைங்க." தவளக்குப்பம் மில்லுக்குத் தணிக்கைக்குப் போனா, தன் கார்லயே கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டாங்க. வழியெல்லாம் திட்டு. முதல் மாசம் அமுதா அழாத நாள் இல்ல. ஆனா லீவு போட்ட நாளும் இல்ல.

ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன், ஏன் மேடம் இப்படின்னு. அவங்க சிரிச்சதை அப்பத்தான் பார்த்தேன். "நான் பயிற்சிக்கு இருந்த ஆடிட்டர், எங்க சார், இதைவிட மோசமாத் திட்டுவாரு. நான் பாஸ் பண்ணி ஸ்வீட் எடுத்துட்டுப் போனேன். 'இதுக்காகவா திட்டினேன்? எடுத்துட்டுப் போயி, நீ ஒருத்தரை உருப்பட வையி'ன்னு தொரத்தி விட்டுட்டாரு."

நன்றி விழா

எங்க நிறுவனத் தலைவரு வழிகாட்டிகளுக்கு நன்றி விழா வச்சாரு. ஜூலை மாசக் கடைசி நாள். மேடையில ஹோட்டல்காரரு, முசே, பெண்கள் முன்னேற்ற ஆடிட்டரு, எல்லாருக்கும் சால்வை. நூர்ஜஹான் மேடத்துக்கு அழைப்பு இல்ல. ஏன்னு சண்டை போட்டேன், முறைப்படி நம்ம திட்டத்துல சேரலையேன்னுட்டாரு. சேராமலே செஞ்சவங்களை எந்தக் கணக்குல சார் வைக்கிறதுன்னு கேட்டதுக்கு, மைக் வேலை செய்யுதான்னு பார்க்கச் சொன்னாரு.

நன்றியுரை அமுதா. அவ பேரைக் கூப்பிட்டாச்சு, ஆளைக் காணோம். பதறிப் போயி வெளியில வந்து மேடம் ஆபீசுக்குப் போன் போட்டேன். அவளே எடுத்தா. "இன்னைக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணக் கடைசி நாள்க்கா. மேடம் போயிட்டு வான்னுதான் சொன்னாங்க, நான்தான் வரல. கட்டுக் கட்டா ஃபைல் கிடக்கு, அவங்க ஒத்தையா உக்காந்திருக்காங்க. எப்படிக்கா விட்டுட்டு வர்றது?"

உள்ள வந்து, வேலை இருக்காம், வரலையாம்னு சொன்னேன். ஹோட்டல்காரரு சால்வையைச் சரி பண்ணிக்கிட்டே மைக்குல சொன்னாரு: "இவ்வளவு பேரு கைதூக்கி விட்டோம், ஒரு நன்றி சொல்ல வரல பாருங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே கிடையாது."

நன்றியைப் பார்க்கணும்னா அன்னைக்கு ஆட்டோ பிடிச்சு அந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருக்கணும், எங்க மண்டபத்துல சால்வையும் போண்டாவும்தான் இருந்துச்சு.